முதல் அசைவைச் சோதியுங்கள்!

தமிழ் மன்றத்து ஏட்டில் இரும்புத் தூளுக்கும் எண்ணெய்க்கும் என்ன வேலை என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். வேலை உண்டு. பொறியியல் பயில்வோர் தமிழ் பேசலாகாது என்ற விதி எங்கும் இல்லை. தமிழ் பயில்வோர் பொறியியலைக் காதில் போட்டுக்கொள்ளலாகாது என்ற விதியும் இல்லை. அன்றியும், நான் சொல்லப்போகும் செய்தி நம்மவர் உயிரோடு தொடர்புடையது.

வங்கக் கடலின் நடுவே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் கிடக்கின்றன. கப்பலேறினால் மூன்று நாட் பயணம். அங்கே தமிழர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். பிழைப்புத் தேடிப் போனவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. அவர்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டனர். ஒருமுறை வேரோடு பிடுங்கப்பட்ட அம்மக்கள் மறுபடி ஊன்றிய மண்ணோ, நிலையாக நில்லாத மண். இந்தியத் தட்டு பர்மியத் தட்டின் கீழே மெல்ல மெல்லப் புகுந்துகொண்டிருக்கும் விளிம்பின் மேல் அத்தீவுகள் அமைந்துள்ளன. 1881 டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே பெரும் நிலநடுக்கம். 1941 ஜூன் 26ஆம் நாள் அந்தமானில் மற்றொன்று. 2002 செப்டம்பரில் வட அந்தமானின் திக்லிப்பூர்ப் பகுதியில் 6.5 அளவில் ஒன்று. பின்னர் 2004 டிசம்பர் 26. அன்று காலை 6 மணி 28 நிமிடத்திற்குச் சுமத்திராவின் அருகே தொடங்கிய பிளவு வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. அளவு 9.1. இந்திரா முனையின் நிலம் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் புகுந்தது. கச்சால் பட்ட பாட்டைச் சொல்லவும் நாக் கூசுகிறது.

கடலலையைத் தடுக்கும் கருவியைப் பற்றி நான் எழுத வரவில்லை. அலை வருமுன் நிலம் ஆடுகிறது. ஆடும் நிலத்தில் கட்டடமும் பாலமும் ஆடுகின்றன. அந்த ஆட்டத்தை அடக்கும் ஒரு கருவியைப் பற்றியும், அதை நாம் சோதிக்கும் முறையில் உள்ள ஒரு குறையைப் பற்றியுமே எழுத வந்தேன்.

எண்ணெயும் இரும்பும்

மேக்னடோ-ரியாலஜிகல் ஃப்ளூயிட் என்று ஆங்கிலத்தில் வழங்குவதைக் காந்தப் பாய்வியல் திரவம் எனலாம். நீட்டிச் சொல்லி நாவைச் சுளுக்கிக்கொள்ளாமல், பொறியாளர் வழக்கப்படி எம்.ஆர். திரவம் என்றே இங்குச் சொல்கிறேன். இதன் கூறு மிக எளியது. ஓர் எண்ணெய், அதில் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள், துகள்கள் ஒட்டிக்கொள்ளாமலும் விரைவில் படியாமலும் இருக்கச் சிறிது சேர்மானம். துகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே இருக்கும். காந்தம் இல்லாதபோது அது வெறும் கருத்த எண்ணெய். காந்தப்புலம் பட்டவுடன் துகள்கள் கைகோத்துச் சங்கிலிகளாக நின்றுவிடுகின்றன. எண்ணெய் பசையாக இறுகுகிறது. காந்தத்தை நீக்கினால் மறுபடியும் எண்ணெய். நெய் உறைய இராப்பொழுது வேண்டும். இதற்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு போதும்! 1940களின் இறுதியில் அமெரிக்கத் தேசிய அளவைக் கழகத்தில் பணியாற்றிய யாக்கோப் ராபினோ இத்தகைய திரவத்தைக் கொண்டு கிளட்ச் ஒன்றைச் செய்து காட்டினார்.

இத்திரவத்தை ஓர் உருளையில் அடைத்து, உள்ளே ஓடும் பிஸ்டனில் கம்பிச் சுருள் ஒன்றை அமைத்துவிட்டால் எம்.ஆர். அதிர்வடக்கி ஆயிற்று. மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இறுக்கம் தொழிற்சாலையில் நிர்ணயித்த இறுக்கம், ஓடும்போது மாறாது. இதன் இறுக்கமோ சுருளில் பாயும் மின்னோட்டத்துக்கேற்பக் கணத்துக்குக் கணம் மாறும். தயிர்ப்பானையில் மத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே தயிரை மோராகவும் வெண்ணெயாகவும் மாற்றி மாற்றி வைக்க முடிந்தால் எப்படியோ, அப்படி!

இது கற்பனை அன்று. 2001இல் டோக்கியோவின் வளரும் அறிவியலுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் 30 டன் விசை தாங்கும் எம்.ஆர். அதிர்வடக்கிகள் இரண்டு பொருத்தப்பட்டன. 2002இல் சீனாவின் டோங்டிங் ஏரிப் பாலத்தில், மழையும் காற்றும் சேர்ந்து ஆட்டிய இழுகம்பிகளை அடக்க 300க்கும் மேற்பட்டவை பொருத்தப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் காரிலும் இவை இடம்பெற்றன.

தீவுகளுக்கு இக்கருவி ஏன் பொருந்தும்? காரணம் மின்சாரம். கட்டடத்தை மோட்டார் வைத்து எதிர்த்துத் தள்ளி அதிர்வை அடக்கும் முறையும் உண்டு. அதற்குப் பெருமின்சாரம் வேண்டும். நிலநடுக்கம் வந்த மறுகணம் முதலில் சாவது மின்சாரந்தானே? எம்.ஆர். அதிர்வடக்கி எதையும் தள்ளுவதில்லை. வரும் ஆட்டத்தைத் தடுக்க மட்டுமே செய்கிறது. 20 டன் விசைக்குச் செய்யப்பட்ட ஒன்றுக்கு 50 வாட்டுக்கும் குறைந்த மின்திறனே தேவைப்பட்டது. ஒரு மின்விசிறிக்குப் போதாத மின்சாரம்! மின்கலம் ஒன்றே போதும். மின்கலமும் கைவிட்டால், சாதாரண எண்ணெய் அதிர்வடக்கியாக நின்று ஓரளவேனும் உழைக்கும். எசமான் இல்லாதபோதும் வேலை செய்யும் நல்ல வேலையாள் அது.

கணக்கு வந்த கதை

நிற்க. கருவி எவ்வளவு நல்லதாயினும், அது எந்தக் கணத்தில் எவ்வளவு விசை தரும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரியாவிட்டால் அதைக் கொண்டு கட்டடத்தைக் காக்க இயலாது. எனவே சோதனை வேண்டும். சோதனையிலிருந்து கணித மாதிரி வேண்டும்.

மிக எளிய மாதிரி பிங்ஹாம் என்பாருடையது. பற்பசைக் குழாயை மெல்ல அழுத்தினால் பசை வராது. ஓர் எல்லையைத் தாண்டி அழுத்தினால் வரும். அந்த எல்லை விசையையும், அதற்கப்பால் வேகத்திற்கேற்ப வளரும் தடையையும் கூட்டினால் பிங்ஹாம் மாதிரி. வீணாகும் ஆற்றலைக் கணக்கிட அது போதும். ஆனால் பிஸ்டன் ஒரு பக்கம் ஓடி நின்று மறுபக்கம் திரும்பும் இடத்தில் அது தடுமாறுகிறது. உண்மையான அதிர்வடக்கியின் விசை போன வழியே திரும்புவதில்லை. வளைந்து வேறு வழியாக வருகிறது. அந்த வளைவைப் பிடிக்க, 1967இல் பூக் அமைத்து 1976இல் வென் விரித்த சமன்பாடு உதவியது. 1997இல் ஸ்பென்சர், டைக், செய்ன், கார்ல்சன் நால்வரும் அதைத் திருத்தி 14 எண்களைக் கொண்ட ஒரு மாதிரியை வெளியிட்டனர். ஏறத்தாழ 3,000 நியூட்டன் விசை தரும் சிறிய அதிர்வடக்கி ஒன்றை அவர்கள் நொடிக்கு இரண்டரை முறை, ஒன்றரை சென்டிமீட்டர் வீச்சில் ஆட்டினர்; மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி விசையை அளந்தனர்; கணக்கும் அளவும் பொருந்தும்வரை எண்களைத் திருத்தினர். உலகெங்கும் இத்துறையில் உழைப்போர் அக்கட்டுரையை மதிக்கின்றனர், மதிக்கத் தக்கதுதான்.

என் குறை அக்கட்டுரையின்மீது அன்று. அதை நாம் கையாளும் முறையின்மீது. அந்த 14 எண்களும் ஒரு குறிப்பிட்ட கருவியின் எண்கள்; ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்கூடத்தில், ஒரு குறிப்பிட்ட நாளில் அளந்தவை. அவற்றை அப்படியே எடுத்துக் கணிப்பொறியில் இட்டு, கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் 1940இல் பதிவான நிலநடுக்கத்தை அதன்மேல் ஓடவிட்டு, 'எம் கட்டடத்தின் ஆட்டம் பாதியாகக் குறைந்தது' என்று திட்டப்பணி எழுதி முடிப்பது நம் கல்விக்கூடங்களில் எளிதாகிவிட்டது. எழுதியவர் எம்.ஆர். திரவத்தை ஒருநாளேனும் விரலில் தொட்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பாட்டிமார் சொல். ஏட்டு அதிர்வடக்கி எந்தத் தீவுக்கு உதவும்?

முதல் அசைவு

இங்கேதான் என் கருத்தின் முடிச்சு. ஆய்வுக்கூடத்தில் அதிர்வடக்கியை ஆட்டும்போது முதல் சில சுற்றுகளின் அளவைத் தள்ளிவிடுவது வழக்கம். கருவி சூடேறி, திரவம் நன்கு கலந்து, வளைவு ஒரே சீராக வந்தபின் எடுக்கும் அளவே ஏட்டில் ஏறுகிறது. அழகான வளைவு; அழகான படம். காருக்கு இது பொருந்தும். கார் நாள்தோறும் ஓடுகிறது. அதன் அதிர்வடக்கி நாள்தோறும் குலுங்குகிறது. முதல் நூறு அசைவு எப்படிப் போனாலும் ஊறு இல்லை.

நிலநடுக்கத்திற்காகப் பொருத்திய அதிர்வடக்கியின் வாழ்வோ வேறு. கும்பகருணனைப்போல் அது ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. பத்தாண்டோ இருபதாண்டோ கழித்து, முன்னறிவிப்பின்றி ஒரு காலைப்பொழுதில், 'எழு, இப்பொழுதே முழுப்பலத்தையும் காட்டு' என்று நிலம் கட்டளையிடுகிறது. எந்த அசைவை நாம் ஆய்வுக்கூடத்தில் குப்பையில் எறிந்தோமோ, அந்த முதல் அசைவைத்தான் தீவு நம்மிடம் கேட்கிறது!

அந்த நீண்ட உறக்கத்தில் உருளைக்குள் என்ன நேர்கிறது? இரும்பு எண்ணெயைவிட எட்டொன்பது மடங்கு கனமானது. கனமான பொருள் அடியில் இறங்க முயல்வது இயல்பு. சேர்மானங்கள் அதைத் தாமதப்படுத்தலாம். கூழ்போல் தடித்த திரவங்களைச் செய்து படிவை மிகக் குறைக்கவும் செய்யலாம். எனினும் எத்தனை ஆண்டுகளுக்கு? அடியில் படிந்தது மணலைப்போல் இளகிக் கிடக்கிறதா, களிமண்ணைப்போல் கெட்டித்துக் கிடக்கிறதா? இளகியதாயின் ஓரிரு அசைவில் கலந்துவிடும். கெட்டித்ததாயின் முதல் அசைவில் பிஸ்டன் ஓரிடத்தில் மிகுதியாகத் தடுக்கப்படும். ஓரிடத்தில் வெறும் எண்ணெயில் ஓடும். 14 எண்களில் எதுவும் இதைச் சொல்லாது.

பெரிய அலைக்கு முன் சிறிய அலை வந்து திரவத்தைக் கலக்கிவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நிலநடுக்கத்தின் முதன்மை அலை முன்னே வருவது உண்மைதான். ஆனால் பிளவு காலடியிலேயே இருக்கும் தீவில் அதற்கும் அடுத்த அலைக்கும் இடையே கிடைப்பது சில நொடிகளே. அதன் ஆட்டமும் சிறிது. அந்தச் சிற்றாட்டம் போதுமா என்பதையும் ஊகத்தால் அறிய முடியாது. ஆட்டித்தான் அறிய வேண்டும்.

இனித் தீவின் தட்பவெப்பத்தை எண்ணுங்கள். ஆண்டு முழுவதும் வெப்பம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. காற்றில் எந்நேரமும் ஈரமும் உப்பும். இரும்பு அங்கே எப்படித் துருப்பிடிக்கும் என்று கடலோரத்தில் சன்னல் கம்பி வைத்த எவரும் சொல்வர். அதிர்வடக்கியின் தண்டில் ஒரு துருப்புள்ளி தோன்றினால், அது அடைப்பு வளையத்தை ஒவ்வோர் அசைவிலும் அரம்போல் அராவும். வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும். ஈரம் உள்ளே புகும். இரும்புத் துகள் துருவேறினால் அதன் காந்த ஏற்பு குறையும். காந்த ஏற்பு குறைந்தால் இறுகும் ஆற்றலும் குறையும். வெப்பத்தில் எண்ணெய் இளகுவதும் உண்டு. ஒவ்வொன்றும் சிறு குறை. சேர்ந்தால், கணக்கில் 20 டன் என்று எழுதியது களத்தில் எத்தனை டன்னாக நிற்கும்?

ஆடம்பரமா?

மற்றொரு பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். 'சிமெண்டும் கம்பியும் கப்பலில் வரவேண்டிய தீவில் இத்தனை நுட்பம் எதற்கு? இஃது ஆடம்பரமன்றோ?' இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. இதில் பாதி உண்மை இருக்கிறது.

நடு அந்தமானையும் வட அந்தமானையும் இணைக்கும் ஆஸ்டின் நீரிணைப் பாலம் அதற்குச் சான்று. 2004இல் அப்பாலத்தின் நடுப்பகுதித் தளங்கள் பக்கவாட்டில் நகர்ந்து தாங்கிகளை விட்டு விலகின. தளம் நகராமல் பிடிக்கும் தடுப்புக் கட்டைகள் அங்கே போதிய அளவில் இல்லை. தடுப்புக் கட்டைக்குக் கணிப்பொறி வேண்டாம், காந்தம் வேண்டாம், கான்கிரீட்டும் கம்பியும் போதும். தூணில் நெருக்கமாக வளையக்கம்பி கட்டாமல், அதன் பக்கத்தில் எம்.ஆர். அதிர்வடக்கியைத் தொங்கவிடுவது, கந்தல் வேட்டிக்குச் சரிகைக் கரை தைப்பதற்கு ஒப்பாகும். 2002இல் திக்லிப்பூரிலும் பிறகும், செங்கல்லும் கான்கிரீட்டும் விரிசல் கண்ட இடங்களில் மரவீடுகள் நன்றாகவே தாங்கின. அந்தப் பாடத்தை மறந்துவிட்டுப் புதுமையைப் பாடுவது அறிவாகாது. இந்தியத் தரநிர்ணயத்தின் 2002, 2016ஆம் ஆண்டு விதிநூற் பதிப்புகள் இத்தீவுகளை மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலத்தில் வைத்தன. அந்த விதிகளை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பதே முதற்கடமை.

ஆனால் மறுபாதி உண்மையும் உண்டு. இடியாமல் நிற்பது வேறு; நின்றபின் உடனே பயன்படுவது வேறு. வீடு விரிசல் விட்டாலும் உள்ளிருந்தோர் பிழைத்தால் அது வெற்றி. மருத்துவமனைக்கு அது போதுமா? அறுவைக்கூடத்தின் கருவிகள் கவிழ்ந்து கிடந்தால் சுவர் நின்று என்ன பயன்? பாலமோ, துறைமுகமோ, தொலைபேசி நிலையமோ முடங்கினால், பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரி வராது, சுற்றிலும் கடல். ஆகவே, எண்ணி எடுத்த ஒரு சில இடங்களில், விதிப்படி கட்டிய கட்டடத்தின்மேல் இரண்டாம் காவலாக இக்கருவி வேண்டும் என்பது என் துணிபு. தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பங்கு டீசல் இயந்திரங்களிலிருந்து வருகிறது. அவை இராப்பகலாய் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் தாங்கிகளில் சிறு எம்.ஆர். அதிர்வடக்கிகளைப் பொருத்திப் பார்த்தால், நிலநடுக்கத்திற்குக் காத்திராமல் அன்றாடம் உழைக்கும் ஒரு சோதனைக்கூடம் கிடைக்கும். அங்கே நாள்தோறும் ஓடுவதையும் அருகே உறங்குவதையும் ஒப்பிட்டும் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது என்ன?

பெரும் பணம் கேட்கும் திட்டம் எதையும் நான் சொல்லவில்லை. மாணவர் கையால் ஆகக்கூடியவற்றையே சொல்கிறேன்.

முதலாவது, ஒரே கலவையிலிருந்து எடுத்த திரவத்தைப் பல கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, பாதியைக் குளிர்பதன அறையிலும் பாதியைத் தீவின் கடலோரக் கொட்டகையிலும் வையுங்கள். திங்கள்தோறும் படிவின் உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு குழாய், ஓர் அளவுகோல், பொறுமை: வேறொன்றும் வேண்டாம்.

இரண்டாவது, சிறிய அதிர்வடக்கிகள் சிலவற்றை ஆறு திங்களும் ஓராண்டும் ஈராண்டும் அசையாமல் நிறுத்திவைத்து, பிறகு ஆட்டுங்கள். முதல் அசைவின் விசையைத் தனியே எழுதுங்கள். ஐம்பதாம் அசைவின் விசையைத் தனியே எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தள்ளிவிடாமல் கணித மாதிரிக்குள் கொண்டுவாருங்கள். பதினான்கு எண்களோடு உறக்கத்தின் எண் ஒன்றும் சேரட்டும்.

மூன்றாவது, எந்த ஆட்டத்தைக் கொண்டு மாதிரியின் எண்களைக் கண்டீர்களோ, அதே ஆட்டத்தைக் கொண்டு மாதிரி சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். சீரான அலையில் எண்களைக் காணுங்கள். ஒழுங்கற்ற நில அசைவில் சோதியுங்கள். தானே வினா எழுதித் தானே விடை எழுதித் தானே மதிப்பெண் இட்டுக்கொள்ளும் மாணவனை நாம் மெச்சுவோமா?

இதற்கு இடம் இல்லாமலும் இல்லை. சென்னைத் தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதிர்வு மேடையும் அங்குண்டு. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தீவுகளிலும் பணியாற்றுகிறது. போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட தலைநகரில் அம்பேத்கர் பெயரால் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உண்டு; புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் உண்டு. மேடை சென்னையில், உப்புக்காற்று தீவில், கைகள் நம்மிடம். மூன்றையும் இணைப்பதுதான் குறை.

இறுதியாக, தமிழ் படிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். இக்கருவியைக் கண்டுபிடித்தவர் அதனருகே இருக்கப்போவதில்லை. ஆண்டுக்கொருமுறை தண்டைத் துடைத்து, கசிவு பார்த்து, மின்கலத்தை அளந்து, கருவியை நாலு முறை அசைத்துவிட்டுப் போகப்போகிறவர் தீவில் வாழும் ஒரு தொழிலாளி. அவர் தமிழராகவும் இருக்கலாம். வங்காளியாகவும், தெலுங்கராகவும், நிக்கோபாரியாகவும் இருக்கலாம். ஏன் அசைக்க வேண்டும் என்பதை அவர் மொழியில் அவருக்குச் சொல்லாவிட்டால், இரண்டாம் ஆண்டில் அந்த வேலை நின்றுவிடும். கும்பகருணன் நிரந்தரமாக உறங்கிவிடுவான். நல்ல தமிழில், நாலு பக்கத்தில், படத்தோடு ஒரு பராமரிப்புக் கையேடு எழுதுவது எந்தக் கணித மாதிரிக்கும் குறைந்த பணி அன்று. அதை எழுதப் பொறியியல் மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். நம் மன்றத்தில் அந்த மேசை இருக்கிறது.

அடுத்த நிலநடுக்கம் எப்போது என்று எவராலும் நாள் குறிக்க இயலாது. வரும் என்பது மட்டும் உறுதி. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பார்கள். அணையைப் போட்டால் மட்டும் போதாது; வெள்ளத்தின் முதல் துளியை அது தாங்குமா என்று முன்னரே பார்த்துவிடவும் வேண்டும். ஆகவே, பொறியியல் பயிலும் தோழர்களே, அழகான வளைவுகளை ஆய்வேட்டில் ஒட்டுவதற்கு முன்னால், நீங்கள் தள்ளிவிட்ட முதல் அசைவை எடுத்துப் பாருங்கள். தீவில் வாழும் ஒருவரின் உயிர் அந்த அசைவிலே இருக்கக்கூடும்.